ஆய்விதழ் மதிப்பாய்வு: நெறிகளும் பொறுப்புகளும்

ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பப்படும் கட்டுரையை, அது வெளியாகும் முன்னர், அதே துறையைச் சேர்ந்த பிற அறிஞர்கள் படித்துக் குறை நிறைகளை எழுதித் தருவது சக ஆய்வாளர் மதிப்பாய்வு எனப்படும். இது சுருக்கமாக மதிப்பாய்வு என்றும், பேச்சு வழக்கில் பியர் ரிவ்யூ என்றும் வழங்கப்படுகிறது. மதிப்பாய்வு செய்பவர் மதிப்பாய்வாளர். பெரும்பாலான இதழ்களில் இப்பணிக்கு ஊதியம் இல்லை. மதிப்பாய்வாளரின் பெயரும் வெளியிடப்படுவதில்லை. ஊதியமும் புகழும் இல்லாத இந்தப் பணியில் ஒருவர் நேர்மையாக நடந்துகொள்வார் என்ற நம்பிக்கையின் மேல்தான் இன்றைய ஆய்வுலகம் நிற்கிறது. ஆகவே, மதிப்பாய்வின் நெறிகளை அறிவது ஆய்வாளர்களுக்கு மட்டுமன்றி, ஆய்வு முடிவுகளைப் படித்துப் பயன்படுத்தும் மாணவர்களுக்கும் தேவையாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

நூலை அறிஞர் அவையில் படித்துக்காட்டி, எழுப்பப்படும் ஐயங்களுக்கு விடை கூறிய பின்னரே உலகுக்கு அளிக்கும் வழக்கம் தமிழில் அரங்கேற்றம் எனப்பட்டது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் தெரிவிக்கிறது. அரங்கேற்றத்தில் கேட்பவரும் சொல்பவரும் நேருக்கு நேர் இருந்தனர். இக்கால மதிப்பாய்வில் கேட்பவர் மறைவில் இருக்கிறார். இதுவே இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

ஐரோப்பாவில் 1665ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய 'பிலாசபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' தொன்மையான அறிவியல் இதழ்களுள் ஒன்று. தொடக்கத்தில் எதை வெளியிடுவது என்பதை இதழாசிரியரே முடிவு செய்தார். லண்டன் ராயல் கழகம் 1832 முதல் கட்டுரைகள் குறித்து எழுத்து வடிவில் அறிக்கை பெறும் முறையைக் கைக்கொண்டது. எனினும் எல்லா இதழ்களும் இதை உடனே பின்பற்றவில்லை. புகழ்பெற்ற 'நேச்சர்' இதழ் வெளியார் மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது 1973ஆம் ஆண்டில்தான். மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1997இல் இங்கிலாந்தில் வெளியீட்டு நெறிமுறைக் குழுவைத் தொடங்கினர். 'கோப்' என்று அழைக்கப்படும் இக்குழு வகுத்த வழிகாட்டுதல்களைப் பல துறை இதழ்களும் இன்று பின்பற்றுகின்றன.

நடைபெறும் முறை

கட்டுரை வந்ததும் இதழாசிரியர் முதலில் அது இதழின் பொருளெல்லைக்குள் வருகிறதா என்று பார்க்கிறார். பின்னர் இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் ஏற்கலாம், சிறு திருத்தத்துடன் ஏற்கலாம், பெருந்திருத்தம் வேண்டும், ஏற்க வேண்டாம் என்ற நான்கில் ஒன்றைக் காரணத்துடன் பரிந்துரைக்கின்றனர். முடிவு இதழாசிரியருடையது.

மதிப்பாய்வு பொதுவாக மூன்று வகைப்படும்.

1. ஒருவழி மறைப்பு: கட்டுரையாசிரியர் யார் என்பது மதிப்பாய்வாளருக்குத் தெரியும். மதிப்பாய்வாளர் யார் என்பது கட்டுரையாசிரியருக்குத் தெரியாது.

2. இருவழி மறைப்பு: இருவர் பெயரும் ஒருவருக்கொருவர் மறைக்கப்படும்.

3. திறந்த மதிப்பாய்வு: பெயர்கள் வெளிப்படையாக இருக்கும். சில இதழ்கள் மதிப்பாய்வு அறிக்கைகளையும் கட்டுரையுடன் வெளியிடுகின்றன.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முறை இதை விளக்க உதவும். விடைத்தாளில் மாணவர் பெயர் மறைக்கப்படுவது, திருத்துபவர் பெயரைப் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது என்பதற்காக. ஆனால் விடைத்தாள் திருத்துபவரிடம் விடைக்குறிப்பு உண்டு. மதிப்பாய்வாளரிடம் அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை. இதுவரை யாருக்கும் விடை தெரியாத கேள்வியைப் பற்றிய கட்டுரையே அவர் கைக்கு வருகிறது. அதனால் அவருடைய பொறுப்பு இன்னும் கூடுதலானது.

ராமானுஜனின் முதல் கட்டுரை

நல்ல மதிப்பாய்வு என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இந்தியக் கணிதக் கழகம் 1907ஆம் ஆண்டு வி. ராமசாமி ஐயரின் முயற்சியால் தோன்றியது. அதன் இதழுக்கு பெங்களூர் மத்தியக் கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் ஆசிரியராக இருந்தார். பட்டம் இல்லாத, நிலையான வேலையும் இல்லாத இளைஞராக இருந்த ஸ்ரீனிவாச ராமானுஜன், பெர்னூலி எண்களின் பண்புகள் பற்றிய கட்டுரையை அவ்விதழுக்கு அனுப்பினார்.

கட்டுரையில் புதுமை இருந்தது. ஆனால் படிகள் விடுபட்டிருந்தன. நடை மிகவும் சுருக்கமாக இருந்ததால் பயிற்சி பெற்ற கணித அறிஞர்களாலும் பின்தொடர முடியவில்லை. இதழாசிரியர் கட்டுரையைத் தள்ளிவிடவில்லை, அப்படியே அச்சிடவும் இல்லை. தெளிவு வேண்டிய இடங்களைச் சுட்டித் திருப்பி அனுப்பினார். மும்முறை கட்டுரை சென்று வந்தது. 1911ஆம் ஆண்டு அது வெளியானது. ராமானுஜனின் முதல் முழுக் கட்டுரை இதுவே.

1912இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் எம். ஜே. எம். ஹில் என்பவரிடம் ராமானுஜனின் முடிவுகள் சில கருத்துக்காக அனுப்பப்பட்டன. முடிவிலித் தொடர்களைக் கையாள்வதில் ராமானுஜன் வழுக்கிய இடங்களை ஹில் சுட்டினார். கற்க வேண்டிய நூல் ஒன்றையும் பரிந்துரைத்தார். ராமானுஜனின் முழு ஆற்றலை அவர் உணரவில்லை என்பது உண்மை. எனினும் முன்பின் அறியாத ஒருவரின் தாள்களைப் பொறுமையுடன் படித்துப் பயனுள்ள விடை எழுதினார். கேம்பிரிட்ஜின் ஜி. எச். ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியது இதற்குப் பின், 1913 சனவரியில்.

மதிப்பாய்வாளரின் பொறுப்புகள்

தகுதியறிந்து ஏற்றல். தமக்குத் தெரியாத துறைக் கட்டுரையை ஏற்கக்கூடாது. ஒரு பகுதியை மட்டும் மதிப்பிட முடியுமெனில் அதை இதழாசிரியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நலன் முரணைத் தெரிவித்தல். கட்டுரையாசிரியர் தம் மாணவர், நெறியாளர், உறவினர், கூட்டாய்வாளர், அல்லது அதே ஆய்வில் போட்டியாளர் என்றால் அதை மறைக்கக்கூடாது. நட்பு எவ்வளவு தீர்ப்பைச் சாய்க்குமோ, பகையும் அவ்வளவு சாய்க்கும்.

காலம் தாழ்த்தாமை. ஏற்றுக்கொண்ட கட்டுரையை மாதக்கணக்கில் வைத்திருப்பது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் காத்திருக்கும் மாணவரின் வாழ்க்கையைத் தள்ளிப்போடுவதாகும். முடியாது என்றால் அன்றே சொல்லிவிடுவது மேல்.

காரணம் காட்டுதல். 'தரமில்லை' என்ற ஒற்றைச் சொல் மதிப்பாய்வு ஆகாது. எந்தப் பக்கத்தில், எந்தச் சான்று, ஏன் போதவில்லை என்று எழுத வேண்டும். கட்டுரையைக் குறை கூறலாம். எழுதியவரின் மொழியறிவையோ, நாட்டையோ, கல்லூரியையோ இழித்துரைக்கக்கூடாது.

மேற்கோள் திணிக்காமை. தேவையில்லாமல் தம் சொந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்வது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

இரகசியம் காத்தல். வெளியாகாத கட்டுரை பிறர் உடைமை. அதைப் பிறருக்குக் காட்டுவதும், அதிலுள்ள கருத்தைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதும் கூடாது. மாணவர் ஒருவரின் உதவியைப் பெற விரும்பினால் இதழாசிரியரின் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் தெரிவிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் பிறர் கட்டுரையை ஏற்றி அறிக்கை எழுதச் சொல்வதும் இரகசிய மீறலாகவே கருதப்படுகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2023இல், ஆய்வு நிதி விண்ணப்பங்களின் மதிப்பாய்வில் இத்தகைய செயலிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தன.

இரு நிகழ்வுகள்

இரகசியம் காப்பது ஏன் முதன்மையான நெறி என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன.

1936ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதிடும் கட்டுரையை 'பிசிகல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினர். அது மதிப்பாய்வாளர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது. அவர் விரிவான குறிப்புகளுடன் பிழை இருப்பதைச் சுட்டினார். அச்சாகும் முன் கட்டுரையைப் பிறருக்குக் காட்டியதற்காகச் சினமடைந்த ஐன்ஸ்டைன், அதைத் திரும்பப் பெற்றார். சில மாதங்களில் எச். பி. ராபர்ட்சன் என்ற அறிஞர், ஐன்ஸ்டைனின் உதவியாளரான இன்பெல்டுடன் பேசும்போது அப்பிழையை விளக்கினார். ஐன்ஸ்டைன் தம் முடிவை மாற்றிக்கொண்டார். திருத்திய கட்டுரை 1937இல் வேறோர் இதழில் வெளிவந்தது. முதலில் பிழையைக் கண்ட மதிப்பாய்வாளர் அதே ராபர்ட்சன்தான் என்பது 2005இல் இதழின் பழைய பதிவேடுகளிலிருந்து உலகுக்குத் தெரியவந்தது. ராபர்ட்சன் 1961லேயே மறைந்துவிட்டார். உலகின் மிகப் புகழ்பெற்ற அறிவியலாளரைத் திருத்திய பெருமையை அவர் தமக்கென்று கோரவில்லை.

இரண்டாவது நிகழ்வு இதற்கு நேர்மாறானது. 1978இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய ஹெலினா வாக்ஸ்லிக்ட்-ராட்பார்ட் என்ற இளம் ஆய்வாளர், பசியின்மை நோயாளிகளிடம் இன்சுலின் செயல்படும் விதம் பற்றிய கட்டுரையைப் பெரிய மருத்துவ இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடம் அது மதிப்பாய்வுக்குச் சென்றது. அவர் அதைத் தமக்குக் கீழ் பணியாற்றிய ஆய்வாளரிடம் கொடுத்தார். கட்டுரையை ஏற்க வேண்டாம் என்று அறிக்கை போனது. சிறிது காலத்தில் அவ்விருவர் பெயரில் அதே பொருளில் ஒரு கட்டுரை வேறோர் இதழுக்கு அனுப்பப்பட்டது. அந்த இதழ் அதை மதிப்பாய்வுக்காக ராட்பார்டின் மேலாளருக்கு அனுப்ப, அவர் அதை ராட்பார்டிடமே கொடுத்தார். தம் சொந்த வாக்கியங்கள் பிறர் பெயரில் இருப்பதை அவர் கண்டார்.

அவர் முறையிட்டும் முழுத் தணிக்கை நடக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. 1980இல் நடந்த தணிக்கையில் தரவுகளிலும் முறைகேடு இருந்தது வெளிப்பட்டது. கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் ராட்பார்ட் ஆய்வுப் பணியை விட்டு மருத்துவமனைப் பணிக்குச் சென்றுவிட்டார். மதிப்பாய்வாளரின் நெறி தவறினால் இழப்பு யாருக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அக்கட்டுரை இரு இடங்களிலும் மேலாளரிடமிருந்து கீழுள்ளவர் கைக்கு எளிதாக மாறியது. கைமாற்றுவது தவறு என்ற எண்ணமே அன்று பலருக்கு இல்லை.

இதழாசிரியரின் பொறுப்புகள்

பொருத்தமான மதிப்பாய்வாளரைத் தேர்வதும், அவர் உண்மையானவர்தானா என்று உறுதி செய்வதும், முரண்பட்ட அறிக்கைகளைத் தாமே படித்து முடிவெடுப்பதும் இதழாசிரியரின் கடமைகள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை 'ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' இதழின் ஆசிரியராக இருந்தார். 1935இல் லண்டனில் நடந்த வானியல் கழகக் கூட்டத்தில் அவருடைய சொந்த முடிவையே மூத்த அறிஞரான எடிங்டன் பலர் முன் மறுத்துரைத்தார். அம்முடிவு பின்னர் ஏற்கப்பட்டது. சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை வானியலின் முன்னணி இதழாக வளர்த்ததில் அவருடைய 19 ஆண்டு உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இதழாசிரியர் கவனம் தவறினால் முறையே ஏமாற்றப்படும். சில இதழ்கள் கட்டுரையாசிரியரிடமே மதிப்பாய்வாளர் பெயரைப் பரிந்துரைக்கச் சொல்கின்றன. அதைப் பயன்படுத்திப் போலி மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, தம் கட்டுரைக்குத் தாமே நற்சான்று எழுதிக்கொண்டவர்கள் உண்டு. 2014இல் இவ்வகை முறைகேட்டால் அதிர்வியல் துறை இதழ் ஒன்று 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2017இல் புற்றுநோய் ஆய்விதழான 'டியூமர் பயாலஜி' 107 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

கட்டுரையாசிரியரின் பொறுப்புகள்

1. ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

2. உழைத்தவர் பெயரை விடக்கூடாது. உழைக்காதவர் பெயரைச் சேர்க்கக்கூடாது.

3. பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டக்கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், எழுத்துத் திருட்டை ஒற்றுமை விழுக்காட்டின்படி வகுத்துள்ளன. ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பதிவே நீக்கப்படும்.

4. மூலத் தரவுகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும்.

5. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்புக்கும் விடை எழுத வேண்டும். உடன்படாத இடத்தில் சான்றுடன் மறுக்கலாம். மறுப்பது உரிமை, புறக்கணிப்பது முறையன்று.

மதிப்பாய்வின் வரம்புகள்

மதிப்பாய்வு பெற்றது என்பதாலேயே ஒரு கட்டுரை உண்மையாகிவிடாது. மதிப்பாய்வாளர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று சோதனையை மீண்டும் செய்து பார்ப்பதில்லை. தரப்பட்ட தரவு நேர்மையானது என்ற நம்பிக்கையில்தான் அவர் படிக்கிறார். திட்டமிட்ட மோசடி அவர் கண்ணுக்குத் தப்பலாம்.

அதேபோல, வெளிவராத கட்டுரை எல்லாம் தவறானதும் அல்ல. டாக்காவில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸின் கட்டுரை இங்கிலாந்தின் 'பிலாசபிகல் மேகசின்' இதழில் வெளிவரவில்லை. 1924இல் அவர் அதை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே செர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். குவாண்டம் புள்ளியியலின் அடித்தளங்களுள் ஒன்றாக அது அமைந்தது.

போலி ஆய்விதழ்கள்

மதிப்பாய்வு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டணம் பெற்று எதையும் வெளியிடும் இதழ்கள் போலி ஆய்விதழ்கள் எனப்படுகின்றன. 2013இல் 'சயன்ஸ்' இதழின் செய்தியாளர் ஜான் போஹன்னன், வேண்டுமென்றே பெரும்பிழைகள் வைத்த புனைவுக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றுள் இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவை பல.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. முறையான மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் கூறியது, கட்டணத்தை மறைத்தது, இசைவின்றி அறிஞர்கள் பெயரை ஆசிரியர் குழுவில் சேர்த்தது ஆகியவை குற்றச்சாட்டுகளுள் சில. 2019 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

இந்தியாவில் இச்சிக்கல் வளர்ந்ததற்கு விதிகளும் ஒரு காரணம். ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை மதிப்பெண்ணாக்கப்பட்டது. 2016 விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். எண்ணிக்கை கேட்கப்பட்ட இடத்தில் எண்ணிக்கையை விற்கும் கடைகள் தோன்றின. 2018 மே மாதம் மானியக் குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் 'கேர்' என்ற புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 2022 விதிகள் மாணவருக்குக் கட்டுரைக் கட்டாயத்தை நீக்கின. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டு, இதழின் தரத்தை அறியும் பொறுப்பு அந்தந்தக் கல்வி நிறுவனங்களிடம் விடப்பட்டது.

இதன் விளைவை எளிதாக உணரலாம். காரைக்குடியை எடுத்துக்கொண்டால், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலமும் நிதியும் கொண்டு அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் அங்கு இயங்குகிறது. அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் நிறுவப்பட்டது. மானகிரி, குன்றக்குடி, கோட்டையூர் போன்ற சுற்று ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் தம் குடும்பத்தில் முதலாவதாக ஆய்வுப் படிப்புக்குள் நுழைபவர்கள். எது நல்ல இதழ் என்று வீட்டில் கேட்டறிய ஆள் இல்லை. இப்போது பட்டியலும் இல்லை. 'மூன்றே நாளில் வெளியிடுகிறோம்' என்று வரும் மின்னஞ்சலை நம்பினால், போவது கட்டணம் மட்டுமன்று. உண்மையாக உழைத்துப் பெற்ற முடிவும் யாரும் மதிக்காத இடத்தில் புதைந்துபோகும்.

மாணவர் கவனிக்க வேண்டியவை

1. சில நாட்களில் ஏற்பு உறுதி என்று கூறும் இதழில் மதிப்பாய்வு நடக்க வழியில்லை.

2. ஆசிரியர் குழுவில் உள்ள அறிஞரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அவ்விதழின் பெயர் உள்ளதா என்று பார்க்கலாம். ஐயம் இருந்தால் அவருக்கே எழுதிக் கேட்கலாம்.

3. கட்டணம் எவ்வளவு, எப்போது என்பது முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். கட்டணம் வாங்கும் இதழ் எல்லாம் போலி அன்று. கட்டணத்தை மறைக்கும் இதழ் ஐயத்துக்குரியது.

4. புகழ்பெற்ற இதழின் பெயரைச் சற்று மாற்றி வைத்துக்கொண்ட போலி இணையதளங்கள் உள்ளன. முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

5. அவ்விதழில் முன்பு வெளியான இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்த சோதனை.

6. கல்லூரி நூலகரையும் மூத்த ஆய்வாளர்களையும் கேட்கத் தயங்கக்கூடாது.

கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வந்தால் அதை அவமானமாகக் கருத வேண்டியதில்லை. ராமானுஜனின் கட்டுரையே மும்முறை திரும்பி வந்தது. அதைப் படித்துத் திருத்தம் கேட்ட ஒருவர் இருந்ததால்தான் அது பிறர் படிக்கத்தக்க வடிவம் பெற்றது. இன்று மாணவராக அறிக்கை பெறுபவர் நாளை மதிப்பாய்வாளராக அறிக்கை எழுதுவார். அப்போது முகம் தெரியாத ஒருவரின் பல ஆண்டு உழைப்பு அவர் மேசையில் இருக்கும். அதைத் தம் உழைப்பைப்போல் காத்து, பிறர் உழைப்பைப்போல் நடுநிலையாக எடைபோடுவதே மதிப்பாய்வு நெறிகள் அனைத்தின் சுருக்கம் ஆகும்.